பதினோரு கிலோமீட்டர்

வண்ணார்பேட்டையில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்
என் அலுவலகம். ஒரு மேசை, ஒன்றரை நாற்காலி.
வாடிக்கையாளர் நாலு பேர்:
பல் டாக்டர், மாடுலர் கிச்சன்,
சேரன்மகாதேவி ரோட்டில் நாய்க்குட்டி விற்பவர்,
அப்புறம் சங்கிலிபூதத்தான்.

பூதத்தான் அண்ணாச்சியிடம் ஐந்து ஃப்ரீசர் பெட்டி.
கண்ணாடி மூடி, நாலு சக்கரம், நாள் வாடகை மூவாயிரம்.
“எழவு வீட்டு வாசல்ல நின்னு நோட்டீஸா குடுக்க முடியும்?
நீங்கதாம்மா நம்மள கூகுள்ல மொத ஆளா நிறுத்தணும்.”

நிறுத்தினேன்.
பாளை மார்க்கெட்டில் முள்ளை ஊன்றி
பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம்.
அது ஆற்றைச் சுத்தமல்லிப் பக்கம் ஒருமுறை வெட்டியது,
சீவலப்பேரி தாண்டி இன்னொரு முறை.
செய்துங்கநல்லூரைப் பாதியாக அறுத்தது.
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இறந்தால்
எங்களைத் தெரியும்.
அந்தப் பக்கம், தூத்துக்குடிக்காரன் பாடு.

தலைப்புக்கு முப்பது எழுத்து அனுமதி.
கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாகக் கணக்கெழுதும் இயந்திரம்;
“குளிர்சாதனப் பெட்டி” என்றாலே பாதிக்கு மேல் போய்விடுகிறது.
“24 மணி நேரமும்” கட்டாயம் வேண்டும்.
இரங்கலுக்கு இடமில்லை.

ஆடி பிறந்ததும் தள்ளுபடி போடலாமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
தீபாவளிக்கு ஃபேஸ்புக்கில் வாழ்த்தாவது?
நெடுநேரம் யோசித்து
வெறும் ஒரு விளக்குப் படம் மட்டும் போட்டேன்.
பதினேழு லைக். எல்லாம்
பூ அலங்காரக்காரர்களும் செண்டைமேளக்காரர்களும்.

பக்கத்துக்கு வந்து போனவரை
முப்பது நாள் விடாமல் துரத்தும் விளம்பரம் ஒன்று உண்டு.
நாய்க்குட்டிக்கு அது நன்றாக ஓடுகிறது.
இங்கே அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

இதுவரை வந்தது ஒரே ஒரு மதிப்புரை. நாலு நட்சத்திரம்.
“பெட்டி சுத்தம். அப்பா முகம் நல்லா தெரிஞ்சுது.
மாடிப்படில ஒரு இடி இடிச்சாங்க, அதுக்கு ஒண்ணு குறைச்சேன்.”
பதிலை இயந்திரமே எழுதிக் காட்டியது:
“மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம்!”
கை பதறி அழித்தேன்.

எதிர்ச்சொற்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.
அதில் உள்ளதைத் தேடுகிறவர் கண்ணில்
நாங்கள் படவே மாட்டோம்:
ஐஸ்கிரீம். மீன். செகண்ட் ஹேண்ட். வேலைவாய்ப்பு.
ஒரு கிளிக்குக்குப் பதினாலு ரூபாய்,
கண்டவனுக்கும் கொடுக்க முடியாது.

தினமும் காலையில் தேடல் அறிக்கையைத் திறப்பேன்.
ஐஸ் பெட்டி ரேட் பாளை.
கரண்ட் போனா எவ்ளோ நேரம் தாங்கும்.
பெரிய சைஸ் பெட்டி ஆறரை அடி.
புதன்கிழமை, இரவு இரண்டு நாற்பத்தேழு, கேடிசி நகர்,
வாயால் சொல்லித் தேடியது:
மூச்சு இருக்கான்னு எப்படி பாக்க

அதற்கும் எங்களைக் காட்டியிருக்கிறது.
முதல் ஆளாக.
யாரோ தொட்டிருக்கிறார்கள்.
ஒன்பது நொடி எங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்,
கண்ணாடி மூடியின் படத்துக்கு முன்னால்.
அழைப்புப் பொத்தானை அழுத்தவில்லை.

மீனுக்கும் செகண்ட் ஹேண்டுக்கும் நடுவில்
“மூச்சு” என்று சேர்த்தேன்.

பத்தரைக்கு அண்ணாச்சி போன்.
“நேத்து எத்தன கிளிக்கு?”
“ஆறு.”
“போன் அஞ்சுதான வந்துச்சு?”
“ஒண்ணு வீணாப் போச்சு அண்ணாச்சி.”
“பதினாலு ரூவாயா…” என்று இழுத்தார்.
பதினாலு ரூபாய் வீணானதில்
எனக்கு இவ்வளவு சந்தோஷம் ஏன் என்று
அவரிடம் விளக்கவில்லை. அந்தச் சந்தோஷமும்
போனை வைத்த பிறகு நிற்கவில்லை:
பேட்டைக்காரன் ஐந்நூறு குறைவாகப் போடுகிறான்,
அவனைக் கூப்பிட்டிருக்கலாம்.

பல் டாக்டருக்கு ரீல்ஸ் எடுக்கப் போகும் வழி
கேடிசி நகர் இல்லை.
ஆனாலும் அந்த வழியாகத்தான் வண்டியை விட்டேன்.
எந்தத் தெருவிலும் பந்தல் இல்லை.

எல்லாத் தெருவுக்குள்ளும் நான் போகவில்லை.