பதினோராம் கேள்வி

துண்டில் டொக்டர் எழுதியிருந்தது ஒரே சொல்:
கட்டி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
ஆறு மில்லிமீற்றர் கம்பியில் நான் வளைக்கிற
கொக்கி மாதிரி இருந்தது அது,
இன்னும் ஒன்றும் கொழுவாத கொக்கி.

போன மாதம் ஆனைக்கோட்டைக்கு ஒரு கேற்.
அளவு சொன்னேன், விலை சொன்னேன்,
கதவையும் தூணையும் சேர்க்கிற அந்தச் சாமானின் பேர்
வாயில் வரவில்லை.
முப்பது வருசம் நாளுக்கு நாலு தரம் சொன்ன சொல்.
கையைத் திறந்து மூடிக் காட்டினேன்.
"பிணைச்சலோ அண்ணை?" என்றான் வந்த பெடியன்.
ஓம். பிணைச்சல்.
அன்றைக்கு வைத்த ஒட்டும் நேராய் ஓடவில்லை.

நாலு மணித்தியாலம் சாப்பிடக்கூடாது.
சாயம் ஏற்றமுதல் சிறுநீரகம் பார்க்க இரத்தம்.
சிப் வைத்த காற்சட்டை வேண்டாம், சாரம் காணும்.
மணிக்கூடு, மோதிரம், திறப்புக்கோர்வை,
அரைஞாணில் கிடந்த தாயத்து.
முடிச்சு அவிழாமல் தவமலர் அதைப் பல்லால் அறுத்தாள்,
நடு வராந்தாவில், நாலு சனம் பார்க்க.
எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள்.

நிரோசினி என்று சட்டையில் பேர் குத்திய பிள்ளை
படிவத்தோடு வந்தாள்.
இதயத்துக்கு மெசின் வைத்ததோ? இல்லை.
பொய்ப்பல்? இல்லை.
அடைபட்ட இடத்தில் பயமோ?
பங்கருக்குள் கலியாணம் பேசி முடித்தவனிடம்
கேட்கிறாள். இல்லை.
பதினோராவது: என்ன தொழில்?
வெல்டிங்.
பேனை நின்றது.
"கண்ணுக்குள்ள தூள் பட்டிருக்கோ ஐயா?"
படாத நாள் எது, தங்கச்சி.
"உள்ளுக்குக் கிடந்தால் காந்தம் இழுக்கும்.
முதல் எக்ஸ்றே எடுப்பம்."

கண் இரண்டும் துப்புரவு.
வலக் காதுக்குப் பின்னால்தான்
ஒரு வெள்ளைப் புள்ளி, அரிசிக் குறுணி அளவு.
"இது என்ன?"
தெரியாது என்றேன்.
பிறகு தெரிந்தது.

கொக்குவிலில், கிணற்றடியில், தலை முழுக்கச் சவர்க்காரம்.
அடுத்த ஒழுங்கையில் செல் விழுந்தது.
காதடியில் ஏதோ சுட்டது. ஓட்டுச் சில் என்று நினைத்தேன்.
நுரை சிவந்து ஓடினது. கழுவ நேரமில்லை.
அதற்குப் பிறகு எத்தனை தொன் இரும்பு
நிறுத்து, வெட்டி, விலை பேசியிருப்பேன்!
இந்தத் துண்டு கணக்கில் வரவேயில்லை.

பெரிய டொக்டர் திரையில் பெருப்பித்துப் பார்த்தார்.
எலும்புக்கு வெளியில், சதை மூடிக் கட்டிவிட்டது,
கனகாலம் அசையாமல் கிடந்திருக்கிறது. எடுக்கலாம்.
"சுட்டால் இதை அமத்துங்கோ" என்று
றப்பர் குமிழொன்றைக் கையில் வைத்தாள் நிரோசினி.

குழாய்க்குள் முதலில் கிறைண்டர்.
பிறகு நாலு பேர் சேர்ந்து தகரம் தட்டினார்கள்.
பிறகு, அதுவும்தான். விட்டுவிட்டுக் கேட்டது.
"அசையாதேங்கோ" என்றது காதுக்குள் ஒரு குரல்.
காதுக்குப் பின்னால் இளஞ்சூடு,
அல்லது சூடு என்ற நினைப்பு.
அமத்தவா?
குமிழ் உள்ளங்கையில் வியர்த்தது.
பிணைச்சல், பிணைச்சல் என்று
நாக்கு அசையாமல் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.
சாயம் ஏறினபோது வாயெல்லாம் இரும்பு ருசி.
ஆணியைப் பல்லில் கடித்துப் பழகினவனுக்கு அது தெரியும்.
இரும்பைக் கொண்டுவராதே என்றுவிட்டு
அவர்களே ஊற்றினார்கள்.

முடிவு வியாழக்கிழமை.
ஆஸ்பத்திரி வீதியில் வெயில்.
தவமலர் மோதிரத்தைப் போட்டுவிட்டாள், தளர்ந்திருந்தது.
"என்னவாம்?"
கொக்கி அப்படியே கிடக்கு, என்றேன். பசிக்குது.
அவளுக்கு விளங்கவில்லை. சோதியிலும் இடியப்பத்திலும்
அன்றைய மிச்சம் போனது.

இரவு பட்டறையைத் திறந்தேன்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம்,
நிலத்தில் ஆணி பொறுக்க வைத்திருப்பது.
காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
கையை எடுத்தேன்.
எடுத்த கை
கொஞ்சம் பிந்தி வந்தது போலிருந்தது.