நூல் பிடித்தாற்போல்

கக்கதாசபுராவில் எங்கள் அடுக்ககத்தின் அடித்தளம்.
ஞாயிறு காலை ஆறரை. தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை.
போன மாதம் சுரஞ்சன்தாஸ் ரோட்டுப் பள்ளத்தில்
விழுந்து எழுந்ததிலிருந்து
என் வண்டிக்கு இடப்பக்கத்தின்மேல் தனிப் பிரியம்.
கையை எடுத்தால் போதும்,
நடைபாதைக் கரும்புச்சாறுக்காரரை
நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும்.
முன் டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து
வழுக்கையாகிவிட்டது.

கடையில் எழுநூறு கேட்கிறார்கள்.
எழுநூறு இல்லாமல் இல்லை.
போனமுறை கணினித் திரை முழுக்கப் பச்சை காட்டி
அனுப்பிவைத்தார்கள்.
பச்சையோடு இடப்பக்கமே போனேன்.

ஆகவே தூண்டில் நரம்பு, முப்பது மீட்டர்.
மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா நான்கு,
அவற்றில் குத்தி நிறுத்த பழைய கர்ட்டன் கம்பிகள்.
இனியாள், 5-சி என்று ஒட்டிய இரும்பு ஸ்கேல்
(அவள் எழுவதற்குள் பையில் வைத்துவிட வேண்டும்).
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
கழுவிக் காயவைத்த நந்தினி பால் கவர்கள்:
இரண்டிரண்டாக, நடுவே எண்ணெய் தடவி
சக்கரத்தின் கீழே வைத்தால்
முக்கால் டன் இரும்பு
தூக்கத்தில் புரளும் பிள்ளையாகிவிடும்.
ஸ்டியரிங்கை நேராக்கி சீட்டோடு கட்டினேன்.
கட்டியது நல்ல துப்பட்டா என்பது பிறகுதான் தெரிந்தது.

நூல் இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி ஓட வேண்டும்.
வலப்பக்கத்து ஒரு சாண் ஏ-பன்னிரண்டுக்குச் சொந்தம்.
ஏ-பன்னிரண்டு புட்டராஜுவுக்குச் சொந்தம்.
அவர் பொலேரோ மஞ்சள் கோட்டை மிதிக்கிறது என்று
அசோசியேஷனுக்கு மூன்று வருடமாக மனு எழுதுகிறேன்.
என் கதவு அவர் கதவை இடித்ததென்று
அவரும் எழுதுகிறார். அழகான கையெழுத்து.

வாயில் பிரஷ்ஷோடு அவரே வந்து நின்றார்.
நூலைப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார்.
"ஏன் மேடம், மனை அளக்கிறீர்களா?"
டயரைக் காட்டினேன்.
போய் வாய் கொப்பளித்துவிட்டுச் சாவியோடு வந்து
பொலேரோவைப் பின்னால் எடுத்தார்.
எடுத்தவர் போகவில்லை.

நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு
நூற்று எண்பத்திரண்டு.
பின்விளிம்பு நூற்று எண்பத்தேழு.
ஐந்து மில்லிமீட்டர்.
ஓர் அரிசியின் நீளம்.
அந்த அரிசிதான் ஒரு டயரைத் தின்றிருக்கிறது.

அடியில் புகுந்து படுத்தேன். நட்டைத் தளர்த்தி
கம்பியை அரைச் சுற்று.
ஸ்கேல் இப்போது அவர் கையில்.
"நூற்று எண்பத்தொன்று."
தப்பான பக்கம்.
திருப்பினேன். வண்டியை முன்னும் பின்னும் தள்ளினோம்.
மறுபடி படுத்தேன்.
"இன்னும் ஸ்வல்ப" என்றார்.
"ஸ்வல்ப என்றால் எத்தனை மில்லிமீட்டர்?"
முகம் தெரியவில்லை.
ரப்பர் செருப்புகள் இரண்டும் குலுங்கின.

முன்னே எண்பத்தைந்து, பின்னே எண்பத்துநான்கு
வந்தபோது மணி ஒன்பதே கால்.
நூலை அவிழ்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.
நரம்பு நேர்.
அதன் பக்கத்தில் மஞ்சள் கோடு
நடுவில் தொப்பை போட்டிருந்தது,
அவர் இடத்துக்குள் நான்கு விரல்.
எந்த மதியச் சாப்பாட்டுக்குப் பின் இழுத்த கோடோ.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் நரம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்,
முப்பது மீட்டருக்கும் மேலே.

பழைய மெட்ராஸ் சாலையில் கையை எடுத்தேன்.
ஏழு எண்ணும்வரை நேரே போனது.
ஸ்டியரிங் மட்டும்
ஒட்டுக்கேட்பதுபோல் வலப்பக்கம் தலைசாய்த்திருந்தது.
அதை அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

திரும்பி வந்தால் பொலேரோ தன் இடத்தில்,
எப்போதும்போல் கோட்டை மிதித்துக்கொண்டு.
பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.
கதவை
ஒரு கையால் பிடித்தபடி திறந்து
வயிற்றை உள்ளிழுத்து இறங்கினேன்.