எண் அல்ல

காற்று சீறினால் கடற்படை துறைமுகத்தை மூடிவிடும்.
புந்தா அரேனாஸ் முழுக்க
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஆட்கள் வேலைக்குப் போவார்கள்.
டிக்கெட் கவுண்டரை மட்டும் மூடுவதில்லை.
யாராவது உட்கார்ந்து "தெரியாது" என்று சொல்ல வேண்டுமே.
அந்த யாராவது நான்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை
ரசீது அடிக்கும் பழைய கணினியில்
ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செவ்வகம் வரைந்தேன்.
சாம்பல் நிறம். நாற்பதுக்குப் பதினைந்து.
படகு என்று பெயர் வைத்தேன்.
பெயர் வைத்தால் நகர்ந்துவிடும் என்று நம்பினேன்,
சிரிக்காதீர்கள்.

நகர்த்துவது என்றால் அழிப்பது.
அழித்து, ஒரு புள்ளி தள்ளி வரைவது.
நொடிக்கு அறுபது தடவை.
முதல் நாள் அழிக்க மறந்துவிட்டேன்.
ஒரே படகு தன் எல்லா நேற்றுகளையும் இழுத்துக்கொண்டு
இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்
சாம்பல் பாலமாய்க் கிடந்தது.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
கொஞ்ச நேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் பிடிபட நாளானது:
இந்தத் திரையில் கீழே போகப் போக எண் கூடும்.
மூழ்குகிறவனுக்கு மதிப்பு ஏறுகிற கடல்.

புதன்கிழமை காற்றைச் சேர்த்தேன்.
காற்றுக்கு ஒரு மாறி.
மாறி என்ற சொல்லுக்கு
இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.
சேர்த்த கையோடு படகைக் காணோம்.
பிழை என்று ஒரு சிவப்பு வரிகூட இல்லை.
கடல் இருக்கிறது, கரை இருக்கிறது,
படகு எங்கே என்று கன்சோலில் கேட்டேன்.
எண் அல்ல, என்றது.
கீழே இன்னொரு தடவை, எண் அல்ல.
நொடிக்கு அறுபது தடவை, எண் அல்ல.

"படகு எத்தனை மணிக்கு?"
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலியாசார் மான்சியா.
போர்வெனிருக்கு வெங்காயமும் முட்டையும் ஏற்றிய லாரி,
மூன்றாம் நாளாக வரிசையில் முதல் ஆள்.
என்னிடமும் அதே பதில்தான் இருந்தது.

காற்றின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தேன்.
இல்லாத ஒன்றைப் படகோடு கூட்டினால்
படகும் இல்லாமல் போகும்.
திருத்தி, அவர் போனுக்கு அனுப்பினேன்.
வேறு என்ன செய்வார், விளையாடினார்.

என் கணினியில் நாற்பது நொடி ஓடும் படகு
அவருடைய புதுப் போனில் இருபதே நொடியில் கரை தட்டியது.
"யாஸ்னா, இதற்கு டிக்கெட் கொடு!"
நான்காவது தடவையும் கத்தினார்.
எனக்கு வெட்கம்.
நான் நேரத்தை எண்ணவே இல்லை,
திரையின் இமைப்புகளை எண்ணியிருக்கிறேன்.
அவர் போன் இரண்டு மடங்கு வேகமாய் இமைக்கிறது,
அவ்வளவுதான்.

அன்று இரவு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கினேன்.
மெதுவாய் இமைப்பவன் பெரிதாய்த் தாண்டட்டும்,
வேகமாய் இமைப்பவன் சின்னதாய்த் தாண்டட்டும்.
எல்லாருக்கும் நாற்பது நொடி.
நியாயமான கடல்.

காலையில் எலியாசார் ஒரே ஒரு தடவை ஆடினார்.
"இப்போது உன் படகும் கம்பெனிப் படகு மாதிரி ஆகிவிட்டது"
என்று போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.
திருத்தியதற்கு எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

வெள்ளி விடியலில் காற்று விழுந்தது.
நாற்பத்தொன்பது டிக்கெட், ஒரு நாய்,
எத்தனை முட்டை மிஞ்சியதோ அத்தனை முட்டை.
சரிவுப்பலகை தூக்கும் சத்தம் கேட்டபிறகுதான்
திரையைத் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு மணி நேரமாக யாரும் தொடாத விளையாட்டு.
வலது ஓரத்தில் கரை என்று நிறம் பூசியிருந்தேனே தவிர
நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதவில்லை.
காற்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறது.

திரை அறுநூறோடு முடிகிறது.
படகு ஒரு லட்சத்து எட்டாயிரத்து நாற்பதில் இருந்தது.
நாற்பத்தைந்து.
ஐம்பது.