செவலை நாய்

படிவத்தில் எட்டாவது கேள்வி:
விபத்து எப்படி நேர்ந்தது?
பதிலுக்கு மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.

ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி போகும் வழியில்
தை பிறந்தால்
ரோட்டில் பாதி கொள்ளுக்களம்.
போகிற வருகிற டயர்தான் தாம்படிக்கும் மாடு.
லாரிக்கு நொறுங்கும்,
பஸ்ஸுக்கு நெகிழும்,
என் ஸ்பிளெண்டருக்கு மட்டும்
கோலிக்குண்டாகி உருண்டது.

விழுந்த நொடி நினைவில் இல்லை.
ரீடிங் மிஷின்
நாலு வீட்டுக் கணக்கோடு
கொள்ளுக்கொடிக்குள் கிடந்தது நினைவிருக்கிறது.
கெம்பம்மா முறத்தை எறிந்துவிட்டு ஓடிவந்தது.
"அய்யோ, கரண்டுக்காரரே" என்றாள்.
என் பேர் அவளுக்குத் தெரியாது.
அவள் பேர் எனக்குத் தெரியும்,
இணைப்பு எண்ணும்,
இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்பதும்.
நூறைத் தாண்டியதில்லை, காசு கட்டியதுமில்லை.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை
என் முழங்கையில் ஊற்றினாள்.
ஆட்டோ வரும்வரை
பக்கத்திலேயே குந்தி
ரத்தம் பட்ட கொள்ளைத் தனியாக,
படாததைத் தனியாக
ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏஜெண்டு சீனப்பா போனில் சொன்னார்:
"உள்ளத எழுதுங்க.
ஆனா உள்ளத எழுதினா
ஸ்டேஷன் பேப்பர் கேப்பாங்க,
ரோட்ட மறிச்சது யாருன்னு கேப்பாங்க.
யோசிங்க."

காறையெலும்பு யோசிக்க விடவில்லை.
விடியற்காலையில்
இடது கையால் எழுதினேன்:
நாய் குறுக்கே வந்தது.
ஒரே கோட்டில் முடிந்துவிட்டது.
கோணல் எழுத்து
விஷயத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

ஓசூரிலிருந்து சர்வேயர் வந்தார்.
இனாயத் பட்டறையில்
சுவரோடு சாய்ந்து நின்றது வண்டி.
சேசிஸ் நம்பர்மேல் தாளை ஒட்டி
பென்சிலால் தேய்த்தார்,
பிள்ளைகள் காசைத் தேய்த்துப் படம் எடுப்பதுபோல.
பதினோரு வருஷமாய்
அடுத்தவர் சுவரில் எண் படிக்கிறேன்.
என் எண்ணை ஒருத்தர் படிப்பது
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நாய் என்ன நிறம்?"

இதைக் கேட்பார் என்று யாரும் சொல்லவில்லை.
"செவலை."
"அடிபட்டுச்சா?"
"இல்ல சார், ஓடிப்போச்சு."
சாகவிட மனசில்லை.

குனிந்து
ஃபுட்ரெஸ்ட் இடுக்கில் விரலை விட்டார்.
உள்ளங்கையில் நாலைந்து கொள்ளு.
இனாயத் அவசரமாய் ஒரு ஸ்பானரைத் தேடினார்,
கையிலேயே வைத்துக்கொண்டு.
சர்வேயர் ஒன்றை வாயில் போட்டு
மென்றபடியே எழுதினார்:
ஹெட்லைட் டூம். ஹேண்டில்பார்.
வலதுபக்கக் கண்ணாடி.

பிளாஸ்டிக்கில் பாதி தேய்மானம்,
ரப்பரில் பாதி,
இரும்புக்கு வண்டியின் வயசைப் பார்த்து.
கண்ணாடிக்கு மட்டும் கழிவே இல்லையாம்,
உடைந்தால் முழுத்தொகை.
இனாயத் சிரித்தார்:
"வண்டி மொத்தமும் கண்ணாடில செஞ்சிருக்கணும் சார்."
தோளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை,
நானும் கேட்கவில்லை.
பில் பதினோராயிரத்து நானூறு,
வந்தது ஆறாயிரத்து எழுபது.
மிச்சத்தை மாசம் ஆயிரமாய்
இனாயத்துக்குக் கொடுத்துவருகிறேன்.

பங்குனியில் மறுபடியும் அந்த ரோடு.
தார் மட்டும் கொதித்துக் கிடந்தது.
கெம்பம்மா வீட்டில் எழுபத்தொன்று.
அட்டையில் குறித்துக் கொடுத்தேன்.
"எப்படி விழுந்தன்னு சொன்ன?"
"நாய் வந்துச்சுன்னு."
"இங்க ஏது நாயி?
இருந்த ஒண்ணையும் போன வருஷம்
சிறுத்த தூக்கிட்டுப் போச்சு."
உள்ளே போய் ஒரு படி கொள்ளு அளந்து வந்தாள்.
வேண்டாம் என்றேன்.
அப்புறம் பையை விரித்துப் பிடித்தேன்.

அந்த வளைவு வந்தால்
இப்போதெல்லாம் மூன்றாவது கியருக்கு இறங்குகிறேன்.
புளிய நிழலில் படுத்திருக்கும்,
செவலையாக,
ஒரு காதை மட்டும் தூக்கி.
ஒருமுறை ஹாரன்கூட அடித்தேன்.