ஒன்பது எழுத்து

கிளார்க்கன்வெல் மூடுபனி
அச்சுக்கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.
காலை எட்டு மணிக்கே காஸ் விளக்கு.
தொடர்கதையின் பதினான்காம் பகுதி வந்துவிட்டது,
நீலத் தாள்களில், மசி இன்னும் ஒட்டுகிறது.
மாதக் கடைசிக்குள் கோத்தாக வேண்டும்.

நாயகன் பெயர் எவரார்ட் செலிங்கம்.
அவன் அறைக்குள் நுழையும்போதெல்லாம்
கனவான் என்ற சொல்லை எடுத்து மாட்டிவிடுகிறார் ஆசிரியர்,
வேலையாள் மேல்கோட்டை நீட்டுவதுபோல.
எங்கள் மொழியில் அதற்கு ஒன்பது எழுத்து.
ஒன்பதும் ஈயம்.
ஆயிரம் எழுத்துக்கு ஆறு பென்ஸ் கூலி.
ஆக, நூற்றுப் பதினோரு கனவான்களைக் கோத்து
முடிவில் ஒரு புள்ளி வைத்தால்
எனக்கு ஆறு பென்ஸ்.

இந்த மாதம் எவரார்ட்
சீட்டாட்டத்தில் நானூறு பவுன் தோற்கிறான்.
விடிவதற்குள் குதிரையை விற்றுக்
கடைசிக் காசுவரை கட்டிவிடுகிறான்.
மானக் கடனாம்.
மூன்று பத்திக்கு முகம் வெளுத்துப்போய்
ரொம்ப அழகாக இருக்கிறான்.
தையற்காரருக்கு மூன்று வருஷ பாக்கி.
அது அரை வரி.
ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் வருகிறது,
நாம் சிரிப்பதற்காக.

அந்தத் தையற்காரருக்குக் கதையில் பெயரில்லை.
எனக்கு ஒருவரைத் தெரியும், காலிப் ஸ்டர்ஜ்,
ஹோல்பர்னுக்குப் பின்னால் ஒரு சந்தில்.
அவருக்குப் பொத்தான்துளை தைத்துக்கொடுத்தாள் கெசியா, என் மனைவி.
கறுப்புத் துணி, கறுப்பு நூல்,
ஒற்றை மெழுகுவர்த்தி.
போன மார்ச்சில் கடையைப் பூட்டினார்கள்.
கணக்கேடு முழுக்கப் பெரிய இடத்துப் பெயர்கள்.
ஒருவரும் இல்லையென்று சொன்னதில்லை;
தருவதாகத்தான் சொன்னார்கள்.
கெசியாவின் பதினோரு ஷில்லிங்
அந்தப் பூட்டுக்கு உள்ளே.

நாற்பத்தோராம் அத்தியாயத்தில்
எவரார்ட் கையுறையைக் கழற்றுகிறான்.
உடை பொய் சொல்லலாம், கை சொல்லாது
என்கிறது கதை.
என் கையைப் பார்த்தேன்.
ரொட்டியைத் தொடுவதற்குமுன் இரண்டு தடவை கழுவுகிற கை.
அப்படியும் நகக்கண்ணில் சாம்பல் நிறம்.
உண்மைதான், பொய் சொல்லவில்லை.

கையெழுத்துப் பிரதியில் ஒன்று கவனித்தேன்.
முதலில் எல்லா இடத்திலும் மனிதன் என்றுதான் இருந்திருக்கிறது.
பிறகு யோசித்து, அதன் முன்னால்
ஆறு எழுத்தைப் பொடியாக நுழைத்திருக்கிறது,
நெரிசலான பெஞ்சில் தாமதமாக வந்தவர் உட்கார்வதுபோல.
அந்த ஆறும் தனியாக நின்றால்
மென்மை என்று பொருள்.
சேர்ந்து நின்றால்
அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்த ஆறை எடுத்தேன்.
சீட்டு மேசையில் விடிகிற வரி அது.
கடன் தீர்ந்து, குதிரை போய்,
ஜன்னலருகே ஒரு மனிதன் நிற்கிறான்.
காலியான இடத்தை
மை படாத கட்டைகளால் அடைத்தேன்.

மெய்ப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில், பென்சிலில், ஆறு எழுத்தும் எழுதி
ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்த தடம்.
ஆசிரியர் யோசித்திருக்கிறார்.
மேஸ்திரி பாக்லிங்டன் யோசிக்கவில்லை.
சொல்லை நிமிர்த்தி வைக்கச் சொல்லி
கூலியில் நான்கு பென்ஸ் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை பாரத்தைக் கலைத்தோம்.
எவரார்ட் எழுத்தெழுத்தாகத் தன் அறைகளுக்குத் திரும்பினான்.
சனிக்கிழமை அவனை வைத்தே
எலிப் பாஷாணத்துக்கு ஒரு துண்டறிக்கை கோத்தேன்.
அதற்கும் ஆயிரத்துக்கு ஆறு பென்ஸ்தான்.

ராத்திரி கெசியா நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்:
"அந்தச் செலிங்கம்
தையற்காரருக்குக் கொடுத்தானா?"

"அடுத்த மாதம்" என்றேன்.