கோடு தாண்டுச்சா

அம்மை பொழியூர்க்காரி. அப்பன் நீரோடி.
கடற்கரையோடு நடந்தால்
ஒரு பீடி தீருமுன் மாநிலம் மாறிவிடும்.

தொண்ணூற்றி ஒன்றில் மிக்கேல் கோப்பை இறுதி ஆட்டம்.
கல்யாணமாகி நாலு மாதம்.
அப்பன் ஆடியவரில்லை,
ஆடியவர்களுக்கு எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தவர்.
அம்மை பொழியூர் கோலுக்குப் பின்னால்,
பிறந்த ஊர்க்காரிகளோடு.
கோலுக்குள் அவளுடைய தம்பி, தார்சீஸ் மாமன்.

கடைசி நிமிடம்.
இடங்காலன் சூசைநாயகம் அடித்த பந்து
மேல்கம்பில் பட்டுக் கீழே விழுந்தது.
மாமன் அதன்மேல் விழுந்தார்.
கோடு கிழித்த நீற்றுப்பொடி
முதல் பாதியிலேயே காலோடு போயிருந்தது.
களியக்காவிளையிலிருந்து வந்த டிரில் வாத்தியார்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
கோல் இல்லை என்றார்.
அவரைப் படகில்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பிறகு முப்பத்திரண்டு வருடம்
எங்கள் வீட்டில் அந்தப் பந்து விழுந்துகொண்டே இருந்தது.
மரச்சீனிக் கிழங்கு கோல்கம்பம்,
சாளையின் தலை மாமன்,
நல்லமிளகு ஒன்று பந்து.
இந்தா பாரு, இவ்வளவு உள்ளே, என்பார்.
அம்மை நல்லமிளகை எடுத்து
அம்மியில் போட்டு அரைத்துவிடுவாள்.

லட்சத்தீவுக்கு அப்பால் நாற்பது நாள் தங்கல்.
படகுக்காரர் வீட்டு வயர்லெஸ்ஸில்
ஊரே வரிசை நிற்கும்.
சூரை விலை, எனக்க காய்ச்சல், சீட்டுப்பணம்,
எல்லாம் பேசி முடித்து
இரைச்சலுக்குள்ளிருந்து கேட்பார்:
"சொல்லு பிள்ளே, தாண்டுச்சா?"
"தாண்டல."
அதே அலைவரிசையில் கிடந்த பதினேழு படகும் சிரிக்கும்.

கடல் அவரைக் கொண்டுபோகவில்லை.
சர்க்கரைதான், கால்விரலில் தொடங்கி.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்து
வாடகை நாற்காலிகளில் பழைய ஆட்கள்.
கஸ்பார் சொன்னார்,
செலின் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லை,
கொல்லங்கோட்டில் அரையிறுதி.
செலின் சொன்னாள், அது எனக்குத் தெரியும்,
ஆனால் தோற்றுட்டு வந்தீங்களே, அதுதான்.
யாரோ எலுமிச்சையைப் பற்றிச் சொன்னார்கள்,
அதில் உப்பு கூடுதல் போடுவானே அவன் என்று.
சூசைநாயகம் பேசவில்லை.
இடக்காலை மட்டும் நீட்டி வைத்திருந்தார்.

அப்போது தார்சீஸ் மாமன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.
"அக்கா, பந்து உள்ளதான் கிடந்துது.
ஒரு சாண்.
நெஞ்சோட அணைச்சு வெளிய இழுத்தேன்."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.
சூசைநாயகம் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார்.
அறுபத்தெட்டு வயதில் ஒரு கோல்;
அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் அம்மையைப் பார்த்தோம்.
அவள் பழத்தட்டை நகர்த்தினாள்.
"தாண்டல."
"எனக்க கையிலதான் அக்கா பந்து இருந்துது."
"ஒனக்கென்னலே தெரியும்?
நீ கண்ண மூடிட்டுல்லா விழுந்த.
நான் பின்னால நின்னு பாத்தேன்."

அளந்து பார்க்கலாம் என்றால்
மைதானமே இல்லை.
ஒக்கிக்கு முந்தியே கார்னர் போனது,
பிறகு நடுவட்டம், பிறகு அந்தக் கோல்.
இப்போது அங்கே தூண்டில்வளைவுக் கல்லுக்கு வெளியே
பிள்ளைகள் சிப்பி எடுக்க முங்குகிறார்கள்.

ராத்திரி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
அம்மை பின்னால் வந்து நின்றாள்.
"பந்து நனஞ்சிருந்துது," என்றாள்.
"மண்ணுல விழும்போ ஒரு சத்தம் கேட்டுது.
பக்கத்துல."
எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டேன்.

"தார்சீஸுக்குச் சோறு கெட்டிக் குடுத்து விட்டியா?
பஸ்ஸு இல்லாம நடந்துல்லா போறான்."