இருபத்தாறும் சில்லறையும்

பேருந்தை விட்டு இறங்கும்போது இருபத்தாறு.
கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு இருபத்தைந்து.
மறுபடி எண்ணினேன், இருபத்தாறு;
ஒருத்தி குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.
எவர்கிளேட்ஸ் வனக்காவலர் வேலையில்
பாதி, எண்ணிக்கை.
மீதி, "முதலை கடிக்குமா?" என்பதற்குப்
பொய்யும் சொல்லாமல் பயமும் காட்டாமல்
முப்பதாவது தடவையாகப் பதில் சொல்வது.

ஃப்ளோரிடா சிட்டிப் பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு.
வீட்டிலிருந்து பூங்கா வாசல் இருபது நிமிடம்,
முன்பே வந்தவர்கள் இரண்டே பேர்.
அப்பாக்கள் தக்காளி வயலுக்கும்
அம்மாக்கள் விடுதிகளில் படுக்கை மாற்றவும்
போயிருக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை.
"இரட்டை முடிச்சுப் போடுங்கள்" என்கிறேன்.
"சேறு கடன் வாங்கினால் திருப்பித் தராது."

முதல் அடியில் எழுகிற அலறல்
வருடா வருடம் ஒரே சுருதி.
முழங்கால் நனைந்ததும் சிரிப்பு.
தொடை நனைந்ததும்
சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே
தங்கள் குரலே தங்களுக்குப் பெரிதாகக் கேட்டு
ஒவ்வொருவராக அடங்குகிறார்கள்.
கிளையில் ஒரு பாம்புத்தாரா
சிறகை உலரப் போட்டுக்கொண்டு
எங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறது.

"இது ஆறு" என்கிறேன்.
நம்பவில்லை. "ஓடவே இல்லையே?"
"நடக்கிறது."
"எங்க ஸ்கூல் பஸ் மாதிரி" என்கிறான் வில்கென்சன்.
டீச்சர் ஃபிகேரோவா
முறைக்க மறந்து சிரித்துவிட்டார்.

அப்போதுதான் யமிலெத்தின் ஊன்றுகோலில் ஏதோ இடறியது.
கைவிட்டு எடுத்தேன்: ஒரு ஷூ.
இடது கால். ஒருகாலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும்.
பாசி அதைக் கம்பளியாய்ப் போர்த்தியிருந்தது.
நாக்கின் உட்புறம் மார்க்கர் எழுத்து, பாதி அழிந்து.

"எங்க அண்ணனுது" என்றாள் லவேனா.

போன ஜனவரி.
ஒற்றைக்காலில் நொண்டியபடி பேருந்து ஏறிய பையன்.
மறுநாள் அவன் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார்:
பத்தொன்பது டாலர், வாங்கி இரண்டு வாரம்.
சேற்றின் மீது புகார் எழுத
எங்களிடம் படிவம் இல்லை.
அவரும் எதிர்பார்க்கவில்லை போல;
யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

"எடுத்துட்டுப் போறியா?"
"அவனுக்கு இப்போ சேராது, மிஸ்."

கவிழ்த்துத் தண்ணீரை வடிக்கப் போனேன்.
உள்ளே எதுவோ பின்வாங்கியது.
கட்டைவிரல் இருக்க வேண்டிய இருட்டில்
இரண்டு கொடுக்குகள்.
ஒரு நன்னீர்ச் சிங்கி இறால்,
மடித்த வாலுக்கு அடியில்
மிளகு மிளகாக முட்டைகள்.
எண்ணத் தொடங்கினேன், பழக்கதோஷம்.
பதினேழில் தவறவிட்டேன்.

என் சட்டைப்பை அட்டையில் இரண்டு விதிகள்:
மனிதர் போட்டதை விட்டுவைக்காதே.
இங்கே வாழ்வதை எடுத்துப்போகாதே.
இரண்டும் ஒரே ஷூவுக்குள் குடிவரும் என்று
அச்சடித்தவர் நினைத்திருக்க மாட்டார்.

"வேற டப்பாவுல மாத்தி விடலாம்" என்றான் ஒருவன்.
"எங்களையும் போன மாசம் அப்படித்தான் மாத்தினாங்க"
என்றாள் யமிலெத், யாரையும் பார்க்காமல்.

வழக்கமாக இந்த இடத்தில்
ஒரு நிமிட அமைதி கேட்பேன்.
இருபதாவது நொடியில் யாராவது ஏப்பம் விடுவார்கள்.
இன்று கேட்கவில்லை.
தொடையளவு நீரில் ஐம்பத்திரண்டு கண்கள்
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குனிந்து, எடுத்த குழியிலேயே,
வாய்ப்பக்கம் நிழலைப் பார்க்க வைத்தேன்.
அன்று மாலை "அகற்றிய குப்பை" என்ற கட்டத்தில்
பூஜ்யம் போடும்போது
பேனா கொஞ்சம் தயங்கியது.

பேருந்தில் ஏறும்போது இருபத்தாறு.
கடைசி ஜன்னலைத் தள்ளித் திறந்து
லவேனா கத்தினாள்:
"அண்ணன்கிட்ட சொல்றேன், மிஸ்!
வாடகை கேப்பான்!"